குன்றை அவனுக்குக் கொடுக்காதே

அன்பு மகள் லினெட்டுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். அலாஸ்கா குளிரில் நீ உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் ஒற்றைக் கண்ணோடு நன்றாகத்தான் இருக்கிறேன், இடது கண்குழியில் சீழ் நின்றுவிட்டது, தாடையில் தங்கிப்போன துப்பாக்கி ரவைகள் மட்டும் மழைக்கு முன்னால் குத்துகின்றன. கூரை மாற்றியாயிற்று, நாய் குட்டி போட்டிருக்கிறது. உன் கடிதமும் வந்தது. "அம்மா எனக்கு எழுதிவைத்த குன்றைச் சித்தப்பாவின் வேட்டை விடுதிக்குக் குத்தகைக்கு விடப் போகிறேன், உங்கள் உயிரைக் காப்பாற்றியவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி அப்பா" என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் கையிலிருந்த கோப்பையைச் சுவரில் அடித்தேன். கறை இன்னும் இருக்கிறது.

நம் மலையில் காட்டு வான்கோழி குறைந்துகொண்டே வருவது உனக்குத் தெரியும். நீ சிறியவளாக இருந்தபோது விடியலில் எல்லாப் பக்கமும் சேவல்கள் கத்தும், இப்போது குன்றுக்கு ஒன்று கத்தினால் பெரிது. ஈரமான வசந்தமும் முட்டை திருடும் ரக்கூன்களும் நம் கையில் இல்லை, வேட்டை தொடங்கும் தேதி நம் கையில் இருக்கிறது. பேடைகள் இணைந்து அடைகாக்க உட்காரும் முன்பே பெரிய சேவல்களைச் சுட்டுத் தள்ளினால் காட்டில் குஞ்சு எங்கிருந்து வரும்? வேட்டைத் தேதி பற்றி மாநில அதிகாரிகள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடத்திய கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன், இரண்டு வாரம் தள்ளித் திறங்கள் என்றேன். உன் சித்தப்பா ராய்ஸ் எழுந்தான். "பெட்டக் கோழிக்கெல்லாம் நம்ம வாத்தியாரண்ணன்தான் பிரசவம் பாக்கப் போறாராம், யாராச்சும் வெந்நீர் வச்சுக் குடுங்கப்பா" என்றான். கூடமே சிரித்தது. என்னிடம் உயிரியல் படித்துத் தேறியவர்களும் சிரித்தார்கள், ஒவ்வொரு முகமும் நினைவிருக்கிறது. "டாலஸ் பணக்காரன் உன் விடுதியில வந்து குடிச்சிட்டுச் சுடணும்னு காடே காலியாகணுமாடா" என்று கேட்டேன். வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் என் விலா எலும்பை உடைத்தான். நான் அவன் காதைக் கடித்துத் துப்பினேன். முள்கம்பி கிழித்தது என்று உன்னிடம் சொன்னானே, அந்தக் காதுதான்.

மாநிலம் தேதியைத் தள்ளியது. புதிய தேதி நடப்புக்கு வந்த இந்த வசந்தத்தில், ஒரு காலை என் வேலி நெடுகப் பேடைகளைச் சிறகு விரித்து ஆணியடித்திருந்தார்கள். ஒன்றின் வயிற்றைக் கிழித்து, ஓடு இறுகாத முட்டைகளை எடுத்து என் அஞ்சல் பெட்டிக்குள் அப்பியிருந்தார்கள். யார் என்று கேட்டு நான் ஊர் முழுக்க அலையவில்லை. கழுவினேன், புதைத்தேன்.

பழைய தேதிப்படி வேட்டை திறந்திருக்க வேண்டிய நாளில் நான் உன் குன்றுக்குப் போனேன், வருடா வருடம் போல எத்தனை சேவல் கத்துகிறது என்று கேட்கத்தான். ஒன்றும் கத்தவில்லை. ஓக் மரத்தில் சாய்ந்துகொண்டு, சேவல் ஏதாவது பதில் கொடுக்குமா என்று பலகைக்கல்லில் குச்சியை உரசிப் பேடைபோல் கூப்பிட்டேன். என் கூப்பாடு உனக்குத் தெரியும், லினெட். மூன்றாம் ஒலியில் எப்போதும் இடறும். நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்துகளில் ராய்ஸ் அதைச் செய்து காட்டி, "அண்ணனோட பெட்டைக்குச் சளி புடிச்சிருக்கு, மருந்து வாங்கிக் குடுங்க" என்பான், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். கண்ணை மூடிக்கொண்டு எது அப்பா எது சித்தப்பா என்று சொல்லும் விளையாட்டில் நீ ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆறு வயதில் உனக்குத் தெரிந்தது, என்னோடு சேர்ந்து ஒரே அப்பாவிடம் கூப்பிடக் கற்றவனுக்குத் தெரியாமல் போகுமா? நான் மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் இடறியது. அதன் பிறகுதான் புதரிலிருந்து சுட்டான். வான்கோழிக்குக் குறி வைக்கும் இடத்தில், தலையிலும் கழுத்திலும். முகம் தீப்பிடித்த மாதிரி இருந்தது, வாய் நிறைய என் பற்கள். பூட்ஸ் சத்தம் வந்து என் பக்கத்தில் நின்றது. "சீசன் இன்னும் தொறக்கலயே அண்ணே, இங்க என்ன பண்றீங்க" என்றான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என்னைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு சாலை வரைக்கும் அழுதபடி ஓடினான். சுட்டதும் அவன்தான், சுமந்ததும் அவன்தான். சுமந்ததை மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் ஷெரீப் பக்னர் கேட்டபோது, யாரோ வான்கோழி என்று நினைத்துச் சுட்டுவிட்டான், விபத்து, ஆளைப் பார்க்கவில்லை என்று நானே சொன்னேன். பாசத்தால் சொல்லவில்லை. அவன் கட்டில் ஓரத்தில் நின்று நடுங்கியதைப் பார்த்தேன், அந்த நடுக்கம் என் கையில் இருக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் என் மௌனத்தையே காட்டி அவன் உன் நன்றியைச் சம்பாதிப்பான் என்று நான் நினைக்கவில்லை. நம் பக்கத்தில் பேடைகள் அடைகாக்க மிஞ்சிய இடம் அந்தக் குன்று ஒன்றுதான். குத்தகைத் தாளில் நீ கையெழுத்துப் போட்டால், அடுத்த ஏப்ரலில் அதே ஓக் மரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன், மடியில் பலகைக்கல் இருக்காது. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. கொடுக்காதே.

இரவுப் பணி முடிந்து வரும்போது பனியில் மெதுவாக ஓட்டு, பனிக்கேற்ற டயர்களை மாட்டிவிடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் கடன்பட்ட மனசில்லாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

வழக்கமாக இங்கே என் பெயரை எழுதுவேன். எழுதினால் இது வாக்குமூலம் ஆகிவிடும், நீ செவிலி, குண்டுக் காயம் என்றால் எங்கே தெரிவிக்க வேண்டும் என்று உனக்குப் பழக்கம், நேராகப் பக்னருக்கு அனுப்பிவிடுவாய். ராய்ஸை உள்ளே போடுவார்கள், தண்டனை முடிந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று என் எதிரில் நிமிர்ந்து நடப்பான். அது தீர வேண்டாம். இப்போது அவன் சனிக்கிழமைதோறும் என் வாசலில் விறகு அடுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் தொப்பியைத் திருகிக்கொண்டு நிற்கிறான். நான் சாகும்வரை அப்படியே நிற்கட்டும். ஆகையால் கையெழுத்தில்லாமலே உறையை ஒட்டி, இப்போதே அஞ்சலில் போடப் போகிறேன்.