உப்பு பார்க்க ஆள் இல்லை

அடியே அருள்மேரி,

அன்புள்ள என்று எழுதினால் நீ சிரிப்பாய். கோவளத்தில் அக்கா வீட்டு மீன்குழம்பில் ஒரு சுற்று பெருத்திருப்பாயே?

தோப்பில் மாங்காய் இறங்கிவிட்டது. வருகிற செவ்வாய் கிருத்திகை. எனக்கு விரதம், வாயில் வைத்து ஊறுகாய்க்கு உப்பு பார்க்க முடியாது. பத்து வருஷமாக என் கிருத்திகைக்கு நீ பார்த்தாய், உன் தவக்கால வெள்ளிக்கு நான் பார்த்தேன். "உன் சாமியும் என் சாமியும் வேற வேற நாள்ல பட்னி போட்டதால பொழச்சோம்டி!" என்று தாம்பரம் ஸ்டேஷனில் கூடையோடு சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

போன கிருத்திகைக்கு என் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னேன். "சூப்பரா கீது" என்றார். பொத்தேரி ஹாஸ்டலில் இருந்து எல்லா பாட்டிலும் திரும்பி வந்தது. உப்பே போடவில்லையாம்! இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

அதற்கு முன்னால்தான் நம் பாட்டிலில் ஒட்டும் சீட்டில் என் பெயரை மட்டும் அச்சடித்தேன். நீ கரண்டியை வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சீட்டெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. புதுசுக்கு இரண்டு பெயரும் எழுதி வைத்திருக்கிறேன். எது முதலில் என்று சண்டை போடவாவது திங்கட்கிழமை பஸ் ஏறு.

உன் கரண்டியை யாரும் தொடவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி