பெட்டிக்குள் வைத்த பச்சைப் போத்தல்

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் வாய் வருமா?

குருநகரில் மற்றவர்கள் வலையில் மீன் வந்தால் சிரிப்பார்கள். நீங்கள் பழைய போத்தல் வந்தால்தான் சிரிப்பீர்கள். சோறு ஆறிக் கிடக்க, அதை வெயிலில் பிடித்து உருட்டிக்கொண்டிருப்பீர்கள். போத்தலின் பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோடு வாய்வரை ஏறியிருந்தால் மெஷினில் வார்த்தது, நேற்றையது. கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள், பூட்டன் காலத்தது. கைவேலையில் ஒன்றைப் போல இன்னொன்று இராது என்பீர்கள்.

கடல் உங்களைத் திருப்பித் தரவில்லை. வெறும் பெட்டியை எப்படி அடக்கம் பண்ணுவது? உங்கள் சட்டையையும் சாரத்தையும் வைத்தோம். நீங்கள் கொஞ்சிய பச்சைப் போத்தலையும் வைத்தேன். வாய் கோணல், தோளில் பயறளவு குமிழி, அதேதான். தக்கை வைத்து, கோயில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, சூட்டோடு பெருவிரலால் அழுத்தினேன்.

இப்போது சண்டையால் கடலுக்குப் போகத் தடை. உங்கள் தம்பி கரையோரத்தில்தான் வலை போடுகிறார். போன கிழமை அதில் ஒரு போத்தல் வந்தது. அண்ணைக்கு விருப்பமான சாமான் என்று என்னிடம் தந்தார்.

பச்சை. கோடு கழுத்தோடு நின்றது. வாய் கோணல். தோளில் குமிழி. இது வேறு ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு சேற்றைத் துடைத்தேன். வாயோரத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. அதில் பாதி விரல் பதிந்திருந்தது. என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. தக்கையைக் காணவில்லை.

சேமக்காலைக்கு ஓடினோம். உங்கள் கல்லறைச் சீமெந்தில் ஒரு கீறல்கூட இல்லை. தோண்டிப் பார்ப்போம் என்று தம்பி நின்றார். மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோண்டாதை மோனை. உள்ளுக்கை போத்தல் இருந்தாலும் பயம், இல்லாட்டிலும் பயம்."

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. அந்தப் பெட்டி பிடிக்கவில்லையா? நான்தான் மூச்சு முட்ட அடைத்துவிட்டேனா?

உங்கள் மற்றப் போத்தல்கள் மண்ணெண்ணெய்க் கியூவுக்குப் போய்வருகின்றன, கோபிக்காதீர்கள். இதை மட்டும் கடல் பார்த்த யன்னலில் வைத்திருக்கிறேன். காலையில் காயத் துடைத்து வைத்தால் பின்னேரம் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கல்லறையை யாரும் தொட விடமாட்டேன். போத்தலின் வாயை இனி ஒருநாளும் அடைக்கவும் மாட்டேன். வருவதென்றால் வாருங்கள், கால்களை மட்டும் கழுவிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் பெண்சாதி,
திரேசம்மா