நடுவில் ஒரு கம்பைலர்

நவம்பர் 3, வெள்ளி

பதுளைக்கு வந்து ஏழு மாதம். இன்று அலுவலகத்தில் பேசியது மூன்று வார்த்தை இருக்கும்.

எங்கள் அலுவலகம் மக்களின் போனுக்கு அனுப்பும் மண்சரிவு எச்சரிக்கை இன்னும் சிங்களத்தில் மட்டும்தான் போகிறது. தமிழிலும் அனுப்பும் மென்பொருள் வந்துவிட்டது. ஆனால் அதன் நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றப் புதிய கம்பைலர் வேண்டும். எங்கள் சேவர் கணினியில் இருப்பதோ பதினைந்து வருடப் பழசு. அடுத்த வருடம் சேவரையே மாற்றலாம் என்கிறார் பொறுப்பாளர். ஹல்துமுல்லையில் அப்பா இருக்கும் தோட்ட லயத்து வீட்டுக்கு நேர் மேலே மலை. மழை அடுத்த வருடம் வரை பொறுக்குமா?

நவம்பர் 7

ஆயத்தமாகக் கிடைக்கும் புதிய கம்பைலரைப் போட்டேன். பழைய சேவரில் ஓடவில்லை. மூலநிரலிலிருந்து நானே கட்டவேண்டும். கம்பைலரைக் கட்டவும் ஒரு கம்பைலர்! இருக்கிற பழசு முதல் கோப்பிலேயே விழுந்தது.

"என்ன செய்றீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார் பக்கத்து மேசை தயானி. சொல்லத் தொடங்கினேன். அவருடைய பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 8

நடுவில் ஒன்று வேண்டும். பழசால் கட்டக்கூடியது, புதியதைக் கட்டக்கூடியது. எந்தப் பதிப்பு? பகல் முழுக்கக் குறிப்புகளைப் படித்தேன். பத்து வருடத்துக்கு முந்திய ஒன்று இரண்டுக்கும் பொருந்துகிறது.

நவம்பர் 9

மழை.

நவம்பர் 11, சனி

நடுப்பதிப்பு கட்டியாயிற்று. அதைக்கொண்டு புதியதைத் தொடங்கியதும் அப்பா போன் எடுத்தார்.

"நாளைக்குத் தீவாளிம்மா. வரலியா?"

"வேலைப்பா."

"தீவாளிக்கும் அப்புடி என்னா வேலை?"

கத்திவிட்டேன். ஏன் கத்துனேன்? அம்மா போனப்புறம் அவரும் தனியாத்தானே கெடக்குறாரு...

மாலையில் சேவரின் நினைவகம் போதாமல் எல்லாம் நின்றது. ஒரே நேரத்தில் நாலு வேலை கொடுத்தது என் பிழை. ஒவ்வொன்றாக, மறுபடி முதலிலிருந்து.

நவம்பர் 12

தீபாவளி. பூட்டிய அலுவலகத்தில் நானும் சேவரும். புதிய கம்பைலர் தன்னையே மறுபடி கட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்றுதான்; சரியாகக் கட்டியிருக்கிறேன். எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

நவம்பர் 17

தமிழ் மென்பொருள் ஓடுகிறது. பொறுப்பாளர் தலையாட்டினார்.

நவம்பர் 25

காலையில் அப்பா போனில்.

"தமிழ்ல மெசேஜ் வந்துச்சும்மா. வீரசிங்கம் கங்காணி கதவு கதவாத் தட்டுனாரு. எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். நம்ம லயத்து வீட்டுக் காம்பிரா மண்ணுக்குள்ள போயிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பையைத் தேடினேன்.

"யாரோ நம்ம ஆளுதான் அனுப்பியிருக்கணும். நல்லா இருக்கட்டும். சரிம்மா, சோறு குடுக்கிறாங்க."

வைத்துவிட்டார்.

இதை ஹல்துமுல்லை போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். பாதை பாதி வரைதான் திறந்திருக்கிறதாம். மீதியை நடந்து போகலாம்.