ஒரு முழம் காற்று

ஜனவரி 4

நல்ல குளிர். கம்பெனி கோழிக்குஞ்சுகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது, வளர்த்துக் கொடுக்க வேண்டும். மச்சினன் கொட்டகையின் நாலு பக்கமும் பிளாஸ்டிக் படுதாவை இழுத்து மூடி, இணைப்பெல்லாம் டேப் ஒட்டிவிட்டான். "எப்படி மாமா?" என்றான். "சவப்பெட்டிகூட இவ்வளவு கச்சிதமா வராது" என்றேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஜனவரி 9

இந்தப் பிராய்லர் குஞ்சுகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. தின்று கொழுப்பது தவிர வேறு வேலையில்லை. அதற்கு விடிய விடிய விளக்கு, கேட்காமலே தீனி. கல்லூரியில் வருடக்கணக்காகத் தற்காலிக ஆசிரியராக மீன்களின் சுவாசம் பற்றிப் பாடம் நடத்தியவனுக்கு மச்சினன் வீட்டு மாடி அறை. நிரந்தர வேலை கல்லூரி முதல்வரின் மருமகனுக்குப் போயிற்று. அந்த மருமகனுக்கு மீனை வறுக்கத் தெரியும்.

ஜனவரி 15

கொட்டகைக்குள் கண் எரிகிறது. எச்சத்தின் நெடி வெளியே போக வழியில்லை.

ஜனவரி 18

காலையில் ஏழெட்டு மல்லாந்து கிடந்தன. கொண்டை நீலம், வயிறு பானை. ஒன்றை அறுத்தேன். மஞ்சள் நீர் கொட்டியது. இதயத்தின் வலப்பக்கம் தொளதொளவென்று வீங்கியிருந்தது. விஷயம் எளிது. சதை ஓட்டமாய் வளர்கிறது, நுரையீரல் பின்தங்கிவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் போதாமல் இதயம் அடித்து அடித்து ஓய்கிறது. இதில் காற்றையும் அடைத்தாயிற்று.

மச்சினனிடம் சொன்னேன்.

"குளிர்லதான் மாமா சாவுது. இன்னொரு ஹீட்டர் வைக்கணும். உங்க படிப்ப மீனோட நிறுத்திக்குங்க."

நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரி 21

இன்னும் இருபது செத்தன. கேஸ் ஹீட்டர் வந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அதுவும் தின்னட்டும், விருந்தாளிதானே.

ஜனவரி 22

மனைவி வந்து நின்றாள். "இந்தத் தடவையும் இப்படிச் செத்தா கம்பெனி இனிமே குஞ்சே தராதாம். தம்பி சாப்பிடாம படுத்திருக்கான். நீங்க தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருக்கீங்களா?"

"சொன்னேனே."

"ஒரு தடவை சொன்னீங்க. சட்டையில பட்டன் இல்லேன்னா எங்கிட்ட ஒம்போது தடவை சொல்றீங்க."



ஜனவரி 23

மச்சினன் வெளியே போன நேரம் பார்த்து, கத்தியோடு ஏணியில் ஏறினேன். இரண்டு பக்கமும் படுதாவின் மேல் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு நெடுகக் கிழித்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது மனைவி — தம்பி ஒட்டிய டேப் என்று தெரிந்தும். பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்தேன். தின்றது போதும், கொஞ்சம் மெதுவாக வளரட்டும்.

திரும்பி வந்தவன் குதித்தான். "எம் பொழப்பக் கெடுக்கணும்னு எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தீங்க?"

என்ன கேள்வி இது? ஆமா, அவன எனக்குப் பிடிக்காது. சோத்தையும் போட்டு மூஞ்சியில அடிக்கிற மாதிரி பேசுறான், பிடிக்காது. அதுக்காகக் குஞ்சுங்க மூச்சு முட்டிச் சாகறத வேடிக்கை பார்ப்பேனா —

பார்த்தேனே. இத்தனை நாளும் பார்த்தேனே.

ஜனவரி 24

பதினைந்து. வயிறு ஊதியவை இனிப் பிழைக்காது என்று சொன்னால் மச்சினன் முறைக்கிறான். டேப் சுருளும் கையுமாகத் திரிகிறான். ஒட்டத்தான் முடியவில்லை; அவன் அக்கா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஜனவரி 27

மூன்று.

ஜனவரி 30

இன்று ஒன்றுமில்லை. கொட்டகைக்குள் கண்ணைத் திறக்க முடிகிறது.

பிப்ரவரி 2

கம்பெனி டாக்டர் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "யார் யோசனை இது?" என்றார்.

மச்சினன் தொண்டையைக் கனைத்தான். "நான்தான் சார். துணிஞ்சு கிழிச்சேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏன் மேல மட்டும் கிழிச்சீங்க?"

மச்சினன் வாயைத் திறந்தான், மூடினான். காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்கு இப்படியொரு வேடிக்கை ஆயுசுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். முழுசாகப் பார்த்திருக்கலாம்.

"குளிர்காத்து நேரா கோழி மேல இறங்கக் கூடாதுன்னு சார். அதைச் சொல்லத்தான் வர்றான்" என்றேன்.

"அதேதான் சார்" என்றான், வெட்கமில்லாமல்.

அடுத்த குஞ்சுகளும் இங்கேதான் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். மச்சினன் நகரவில்லை. காலால் உமியைக் கிளறிக்கொண்டு, "அந்த வயித்துல தண்ணி எப்படி மாமா சேருது?" என்றான்.

உட்காரச் சொன்னேன். பாடம் இதயத்தில் ஆரம்பித்து, இருட்டும்வரை போயிற்று. நடுவில் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை, முட்டாள்.