விசிறியில் சிக்கிய நீல நூல்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. சூடுபண்ணிச் சாப்பிடுங்கள்.

கம்ப்யூட்டர் இனித் திடீர் திடீரென்று அணையாது. காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீங்கள் தைக்கிற பள்ளிச் சீருடையின் நீல நூலும் பஞ்சும் உள்விசிறியில் அடை அடையாய்ச் சேர்ந்திருந்தன. சூடு தாங்காமல்தான் அணைந்திருக்கிறது. நானோ, “இஸ்திரிப்பெட்டி செருகறதுக்கு நீங்கதான் என் பிளக்கைப் பிடுங்கறீங்க!” என்று எகிறிக் குதித்தேன். நீங்கள் “சரிம்மா” என்றதோடு சரி. மூன்று நாளாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து துணி தேய்க்கிறீர்கள்.

நூலைப் பார்த்ததும், ‘கடைசியில் குற்றவாளி இவர்தான்’ என்று ஒரு நொடி மனம் துள்ளியது, மறைப்பானேன். அப்புறம்தான் யோசித்தேன். பேச்சுத்துணை வேண்டுமென்று என் மேசையை உங்கள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டது யார்? நானேதான்.

நாலு மணிக்குச் சீருடை வாங்க டீச்சர் வருவார். நான் வர ஆறாகும்.

பி.கு.: எனக்காக மிஷினை வேறு அறைக்கு மாற்றிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை விசிறியை நான் துடைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று: தரையில் உட்கார வேண்டாம். என் பிளக்கை நானே பிடுங்கிவிட்டு, அங்கே உங்கள் இஸ்திரிப்பெட்டியைச் செருகியிருக்கிறேன். சுவிட்சை மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.