கவுனுக்கு நீலம்

என் மகாராணிக்கு,

கார் கவிழ்ந்த நாளிலிருந்து, குட்டியை ஏன் அழைத்து வரவில்லை என்றே நர்ஸிடம் கேட்கிறாயாம். "தையல் பிரிக்கட்டும், அப்புறம் பேசுங்க" என்கிறார் டாக்டர்.

அவள் பாதியில் விட்ட விரலளவு பொம்மைக் குடும்பத்துக்கு இன்று பெயிண்ட் வாங்கினேன். உன் ஸ்வெட்டருக்கு மெரூன், என் சட்டைக்குச் சாம்பல், அவள் கவுனுக்கு நீலம்.

"பெரிய டப்பாவா எடுங்க சார், பிள்ளைங்க பூசிப் பூசியே தீர்த்துடும்" என்றார் கடைக்காரர்.

சின்னதே போதும் என்றேன்.

தன் கட்டைவிரல் நகத்தில் தடவிப் பார்க்காமல் எந்த நிறத்தையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நாம் நகத்தை நீட்டினாலும் தட்டிவிடுவாள்.

நாளை வருகிறேன். என் நகத்தில் நீலம் இருக்கும், தேய்த்தும் போகவில்லை. அது ஏன் என் நகத்தில் என்று மட்டும் கேட்காதே. என்னால் வாய் திறக்க முடியாது.

உன் வாயாடி