வெடிப்புக்குள் போன புழு

இடைசெவல்
25.4.2023

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வெயில்தான் சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் எழுதுகிறேன், பிழை பார்க்காதே.

பக்கத்துப் புஞ்சை செண்பகராஜ் அண்ணாச்சியை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஒண்டிக்கட்டை, காணோம் என்று தேடவும் ஆளில்லை. போன புதன்கிழமை காலையில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நான்தான் பார்த்தேன். மறுநாளே புதூர் இசக்கியைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அவன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் ஆடுகளோடு வந்து நம் புஞ்சையில் உரத்துக்குக் கிடை போட்டான். அன்று ராத்திரியே கொன்றானாம். அதற்கு முன்னால் பத்து நாளும் விளாத்திகுளத்தில் கிடை போட்டிருந்தவன். கேட்பார் இல்லை என்றால் யாரையும் பிடித்துக்கொண்டு போவார்களா?

நான் பார்த்தபோது அண்ணாச்சி முகமெல்லாம் புழு. பாதித் தீக்குச்சி நீளத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. ஒரே ராத்திரியில் புழு இப்படி வளருமா? நீ ஈயைப் படித்தவள், சொல். இன்ஸ்பெக்டரோ, அண்ணாச்சி உடம்பில் ஒரு புழுகூட இல்லை, அதனால் செத்து ஒரு ராத்திரிதான் என்கிறார். நாற்றம் வெயிலாலாம். டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாராம். மூக்கு உள்ளவன் எழுதுகிற எழுத்தா அது?

புழு இல்லாமல் போனது என் வேலை. நாலு பேர் பார்க்க வரும்போது அண்ணாச்சி அந்தக் கோலத்திலா கிடப்பது? விளக்குமாறால் தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, பருத்திக்கு அடித்து மிஞ்சிய மருந்தைச் சுற்றிலும் தெளித்து, என் துண்டைப் போர்த்தினேன். "ஏதும் தொட்டீரா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "இல்ல சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இப்படிக்கு,
செல்லத்துரை


ஐதராபாத்
30.4.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று தடவை படித்தேன். போலீஸ் மேல் வருகிற கோபத்தில் பாதிகூட உங்கள் மேல் உங்களுக்கு வரவில்லையே, அது எப்படி?

நம் ஊர் வெயிலிலும் புழு அந்த அளவு வளர மூன்று நாளுக்கு மேல் ஆகும். அவர் சனிக்கிழமையை ஒட்டியே, இசக்கி அண்ணன் விளாத்திகுளத்தில் இருந்தபோதே, இறந்திருக்க வேண்டும். நீங்கள் கூட்டித் தள்ளியது அழுக்கு இல்லை அப்பா, இசக்கி அண்ணனுக்கு இருந்த ஒரே சாட்சி.

இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். தின்று முடித்த புழு உடம்பை விட்டு ஊர்ந்து போய் மண்ணுக்குள் கூடாகிவிடும். கரிசல் இப்போது வெடித்துக் கிடக்கும். நீங்கள் மருந்து தெளிக்கும் முன்பே சில வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். நெல்மணி அளவில், புளியங்கொட்டை நிறத்தில் கூடு இருக்கும். உடம்பைப் புதன்கிழமையே எடுத்துவிட்டதால், அதற்குள் முழுசாக வளர்ந்த புழுதான் கூடாகியிருக்க முடியும். நீங்கள் தோண்டாதீர்கள். கோர்ட் சொல்லி, ஆட்களைச் சாட்சி வைத்து எடுக்க வேண்டும். உங்கள் மகள் என்பதால் நான் அதைத் தொடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், செய்ததை நீங்கள் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களிடம் எனக்குப் பயிர் ஆபீஸில் வேலை என்று ஐந்து வருஷமாகச் சொல்லுகிறீர்கள். அந்தப் பொய் போகட்டும். இந்தப் பொய் ஒருவரை உள்ளே வைத்திருக்கிறது. பத்து நாளில் சொல்லாவிட்டால் உங்கள் கடிதத்தை அவர் வக்கீலுக்கு அனுப்புவேன்.

பொன்மணி


இடைசெவல்
8.5.2023

மகளுக்கு,

தகப்பனை மாட்டிவிடவா உன்னைப் படிக்கவைத்தேன்? கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுத நினைத்தேன். அம்மா படித்தால் தோசைக் கணக்கைச் சொல்லிவிடுவாள்.

நேற்று இசக்கி பெண்டாட்டி வள்ளிமயில் கிடையை எடுக்க வந்தாள். ஒற்றை ஆளாய் வலையைச் சுருட்டினாள். ஒத்தாசைக்குப் போனேன். "நீங்க ஏன் அண்ணாச்சி சிரமப்படுதீங்க, நீங்க நல்லவுக" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நாளைக்குக் கோவில்பட்டி போய் வக்கீலைப் பார்க்கிறேன். நீ அனுப்ப வேண்டாம். என் கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று வைத்துக்கொள்.

செல்லத்துரை


இடைசெவல்
4.6.2023

அன்பு மகள் பொன்மணிக்கு,

கோர்ட் உத்தரவு வாங்கி, வி.ஏ.ஓ. முன்னால் தோண்டினார்கள். முதல் இரண்டு வெடிப்பிலும் ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவதில் பதினோரு கூடு. நீ சொன்ன அதே புளியங்கொட்டை நிறம்.

"இதெல்லாம் உமக்கு யாரு வே சொன்னது?" என்றார்.

"எம்மக. செத்த உடம்புல புழுவப் பாத்து நாள் சொல்லுதவ. அதான் அவ வேல" என்றேன். உன் மாமா உட்பட ஊரே நின்றது. நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் கத்திச் சொன்னேன்.

சாட்சியை அழித்தேன் என்று என் மேல் ஒரு வழக்கு. முகர்ந்து பார்க்காமல் எழுதிக் கொடுத்த டாக்டர் மேல் ஒன்றும் இல்லை. அதையும் கேட்டேன். "வாயை மூடும்" என்றார்கள். இந்த வாயை மூட வேண்டிய நாளில் திறந்தேன், திறக்க வேண்டிய நாளில் மூடினேன். இனி என் இஷ்டம்.

புதன்கிழமை இசக்கிக்கு ஜாமீன் கிடைத்தது. இன்று காலையில் ஆடுகளோடு நம் புஞ்சை ஓரமாகப் போனான். ஓடிப்போய், இந்த வருஷமும் நம்ம புஞ்சையிலேயே கிடை போடு என்றேன். நின்றான்.

"நாப்பத்தோரு நாளு, அண்ணாச்சி" என்றான். ஆடுகளை அடுத்த புஞ்சைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அதில் பத்தொன்பது நாள் போலீஸ் கணக்கில் வராது. எனக்கு எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருந்த நாள் அது.

உன் அப்பா,
செல்லத்துரை